ஒன்பதாம் கார்டுக்கு எழுபத்தொரு டிகிரி

மே 11, ஞாயிறு

இந்த டைரி போன வருடத்தது. பேட்டரி கம்பெனிக்காரர்கள் கடைக்குக் கொடுத்ததை அம்மா தூசி தட்டி எனக்குத் தந்தாள். பக்கத்தின் தலையில் 'சனி' என்று அச்சடித்திருக்கிறது. நிஜத்தில் இன்று ஞாயிறு. ஆகவே தினமும் பொய்க் கிழமையை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் மெய்க் கிழமையை எழுத வேண்டும். ஓசி டைரிக்கு இவ்வளவு உழைப்பு.

நான் ஆவுடைச்செல்வி, வயது பதினாறு, பதினொன்றாம் வகுப்பு முடித்த கையோடு விடுமுறை. பள்ளியில் சுருக்கி 'ஆவி' என்பார்கள். எந்தப் பொருள் தானாக நகர்ந்தாலும் முதலில் என்னைத்தான் தேடுவார்கள். பெரும்பாலும் சரியான இடத்தில்தான் தேடுகிறார்கள்.

"உன் வாய்க்கு ஒரு வாளி வேணும்ட்டி, இதுல கொட்டு" என்று சொல்லித்தான் அம்மா டைரியைக் கொடுத்தாள். அம்மா சண்முகவடிவு. பாளையங்கோட்டையில் 'வடிவு கம்ப்யூட்டர்ஸ்' அவளுடையது. பழைய கம்ப்யூட்டர் பாகங்களை வாங்கி, சோதித்து விற்கிறாள். கூட இருப்பவர் அவள் தம்பி இசக்கிராஜா மாமா. வீடு வீடாகப் போய் ரிப்பேர் பார்க்கிறவர். அப்பா சவுதியில். வீடியோ காலில் தலை மட்டும் வருவார்.

இப்போது கோயம்புத்தூரிலிருந்து பன்னிரண்டு கிராபிக்ஸ் கார்டுகள் வந்திருக்கின்றன. திரையில் படம் வரைகிற பலகைகள். யாரோ ஒரு புண்ணியவான் இண்டர்நெட்டில் கிரிப்டோ காசு தோண்டுகிறேன் என்று இவற்றை இரவு பகலாக வேகவைத்திருக்கிறார். இனி ஜெபக்கனி அக்காவின் வீடியோ ஸ்டுடியோவுக்குப் போகப்போகின்றன. போகுமுன் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரச் சோதனை. அதற்கென்று ஒரு மென்பொருள். திரை முழுக்க ரோமம் ரோமமாக ஒரு உருண்டையைச் சுற்றவிட்டு கார்டை மூச்சு வாங்க வைக்கும். கடையில் அதற்குப் பெயர் கம்பளிப்பூச்சி.

அம்மாவின் சட்டம் ஒன்றுதான்: கம்பளிப்பூச்சி ஓடும்போது ஆள் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். "ப்ரோக்ராம் சூட்டைத்தான் பாக்கும். திரையில புள்ளி விழுதா, கோடு விழுதான்னு கண்ணுதான் பாக்கணும்."

நாளை அம்மா திருப்பூருக்குப் பெரியம்மா வீட்டுப் பால்காய்ப்புக்குப் போகிறாள். ஞாயிறுதான் வருவாள். அதுவரை நான் பெருமாள்புரத்தில் மாமா வீட்டில். பன்னிரண்டு கார்டும் என் பொறுப்பு.

பொறுப்பு. நல்ல சொல். பருப்பு மாதிரி வேக நேரமாகும்.

மே 12, திங்கள்

முதல் கார்டு பாஸ், 76 டிகிரி. இரண்டாவதும் பாஸ், 74 டிகிரி. நான்கு மணி நேரம் ஒரு ரோம உருண்டையைப் பார்த்தேன். கண்ணை மூடினாலும் சுற்றுகிறது. மதியம் அத்தை வைத்த தேங்காய்த் துவையல் உருண்டையும் கொஞ்சம் சுற்றியது.

இடையில் மாமாவின் மவுசுக்கு அடியில் ஒரு சின்னத் தாள் ஒட்டினேன். மாமா பத்து நிமிடம் தட்டினார், குலுக்கினார், வயரை மாற்றினார். கடைசியில் திருப்பிப் பார்த்தால் தாளில், 'எலிக்கு இன்று விடுமுறை'.

"ஏட்டி ஆவுடை! உனக்குப் பேர் வச்சவனைச் சொல்லணும்!"

"நீங்கதான வச்சீங்க மாமா."

மே 13, செவ்வாய்

மூன்று, நான்கு. இரண்டும் பாஸ்.

மாமாவுக்கு ஒரு உதவி. ஏழு வருடமாக அம்மா நோட்டில் எழுதிய சோதனை விவரங்களை டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றாகத் தட்டினால் மாமா கிழவனாகிவிடுவார் என்பதால் நான் ஒரு குட்டி மென்பொருள் எழுதினேன். பட்டியலைக் கொடுத்தால் வரிசையாகச் சொருகிவிடும். பெயர் 'சொருகி'.

ஒத்திகைக்கு நூறு பொய் வாடிக்கையாளர்களைச் சொருகினேன். கொ. சுவத்தி. வெ. ங்காயம். மி. ன்வெட்டு. மாமா திரையைப் பார்த்துவிட்டு, "யாருட்டி இந்த மி. ன்வெட்டு, ஏழு தடவை வந்திருக்காரு?" என்றார். பிறகுதான் சிரித்தார். நூறையும் அழித்துவிட்டேன். என்ன வேகம் இந்தச் சொருகி! நூறு பேரைப் பெற்றுப் பெயர் வைக்க மூன்று விநாடி.

மே 14, புதன்

இன்று சோதனை மும்முரம். டைரிக்கு நேரமில்லை. தலைமுடி இன்னும் காயவில்லை.

மே 15, வியாழன்

இன்றும் மும்முரம். மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது. குறுக்குத்துறையில் அந்த ஓரத்துப் பாறைக்குப் பக்கத்தில் ஆழம் அதிகம் என்று என் கூடப் படிக்கும் நிஷா சொன்னாள். சும்மா பொது அறிவுக்காக எழுதி வைக்கிறேன்.

மே 16, வெள்ளி

நிஷா அக்கரை வரை போய்த் திரும்பினாள். நான் முக்கால்வாசி.

மே 17, சனி

பன்னிரண்டும் முடிந்தன! எல்லாம் பாஸ். காலையில் கடைக்கு வந்தேன், பதினோரு மணிக்கெல்லாம் முடித்துவிட்டேன்.

பட்டியல் பார்க்கவே அழகாக இருக்கிறது. தொடங்கிய நேரம், முடிந்த நேரம், உச்சச் சூடு, முடிவு. நடுவே சாப்பாட்டு இடைவேளைகூட இருக்கிறது. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் நன்றாக இருக்காது என்று ஏழாவதுக்கு 79. எட்டாவதுக்கு 77. ஒன்பதாவதுக்கு 71, சமர்த்துக் கார்டு.

மே 18, ஞாயிறு

அம்மா வந்தாள், பெரியம்மா கொடுத்த மைசூர்பாகோடு. வந்ததும் பையைக்கூட இறக்காமல் பட்டியலைப் பார்த்தாள்.

"அஞ்சு நாளும் உக்காந்தியா?"

"பின்ன?"

"ஒத்தையா?"

"கம்பளிப்பூச்சி கூட இருந்துச்சு."

அம்மா சிரித்தாள். என் தலையில் கை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினாள். அவள் அப்படிச் செய்து ரொம்ப நாளாகிறது. பிறகு கார்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சோதனைச் சீட்டுகளை அச்செடுத்து, ஒவ்வொன்றின் கீழும் 'சண்முகவடிவு' என்று முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மற்றவர்கள் மாதிரிக் கிறுக்க மாட்டாள். ஏழெழுத்தையும் நிதானமாக எழுதுவாள். பன்னிரண்டு தடவை.

என் பங்கு டப்பாவிலேயே இருக்கிறது. மைசூர்பாகில் நெய் அதிகம்.

மே 19, திங்கள்

ஜெபக்கனி அக்கா வந்து கார்டுகளை வாங்கிப் போனார். அக்கா கடைக்குள் வந்தால் மின்விசிறிக்கே சத்தம் கேட்காது. அவ்வளவு பெரிய குரல்.

"வடிவுக்கா, வியாழக்கிழமை எனக்கு முத நேரடி ஒளிபரப்பு, கேட்டியளா! சர்ச்சுல கல்யாணம். பொண்ணோட அம்மா லீதியாள் டீச்சர் வாதம் வந்து ரெண்டு வருசமா கட்டில்ல. சர்ச்சுக்குத் தூக்கிட்டுப் போக முடியாது. மகளுக்குத் தாலி கட்டுததை வீட்டு டிவில காட்டுதேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"எந்தக் கார்டைப் போடப் போற?"

அக்கா சீட்டுகளைப் புரட்டினார். "இந்தா, ஒம்பது. எழுபத்தொண்ணுதான். பச்சப்புள்ள மாதிரி குளுகுளுன்னு இருக்கு. இதைத்தான் சர்ச் மெஷின்ல மாட்டப் போறேன்."

நான் கடைக்குப் பின்னால் போய்த் தண்ணீர் குடித்தேன். பிறகு இன்னொரு செம்பு.

மே 20, செவ்வாய்

காலையில் மாமா எதையோ தேடிக்கொண்டே பேசினார். "போன வியாழக்கிழமை ஒரு கேபிள் எடுக்கலாம்னு வந்தேன், ஷட்டர் பூட்டிக் கெடந்துச்சு. அதுவும் நல்லதாப் போச்சு. காலைல ஒம்பதுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் இந்தத் தெருவுலயே கரண்ட் இல்லைலா. மாசாந்திரப் பராமரிப்பு. நீ வீட்டுக்குப் போயிருப்பேன்னு நெனச்சேன்."

பெருமாள்புரத்தில் கரண்ட் இருந்தது. ஆற்றுக்குக் கரண்ட் தேவையில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

சரி. டைரி என்பது வாளிதானே. கொட்டிவிடுகிறேன்.

நான் சோதித்தது நான்கு கார்டு. மீதி எட்டையும் சனிக்கிழமை சொருகிதான் சோதித்தது. மூன்று விநாடியில். 70 முதல் 79 வரை ஏதாவது ஒரு எண்ணைப் போடச் சொன்னேன், போட்டது. நேரத்தையும் நாளையும் நானே பிரித்துக் கொடுத்தேன். அதில் ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும் வியாழக்கிழமை. கரண்டே இல்லாத தெருவில், காலை ஒன்பதரையிலிருந்து மாலை நான்கரை வரை, மூன்று கார்டுகள் வெந்து பாஸாகியிருக்கின்றன.

முதலில் தோன்றியது: டேட்டாபேஸில் வியாழனை வெள்ளியாக்கிவிடலாம். இரண்டு நிமிட வேலை. ஆனால் காகிதம் ஜெபக்கனி அக்காவிடம் இருக்கிறது, ஏழெழுத்துக் கையெழுத்தோடு.

இரண்டாவதாகத் தோன்றியது: யார் போய் மின்தடை நாளையும் சீட்டையும் ஒப்பிடப் போகிறார்கள்?

மூன்றாவது மதியம் சோற்றில் கை வைத்திருக்கும்போது தோன்றியது. யாரும் ஒப்பிடாவிட்டாலும், ஒன்பதாம் கார்டை யாரும் சோதிக்கவில்லை. நாளை மறுநாள் தாலி கட்டுகிற நேரத்தில் டிவி கறுத்தால், கட்டிலில் இருக்கிற டீச்சர் எழுந்து போய்ப் பார்க்க முடியாது.

"என்னட்டி, மோர்க்குழம்பு புடிக்கலையா?"

"வெயில்ம்மா."

மே 21, புதன்

இன்று நிறைய எழுத வேண்டும். கை வலித்தாலும் சரி.

காலையில் கம்பளிப்பூச்சியை பென்டிரைவில் போட்டுக்கொண்டேன். "ஜெபக்கனி அக்கா கார்டெல்லாம் சரியா மாட்டியிருக்காவளான்னு பாத்துட்டு வாரேன்" என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "குடை எடுத்துட்டுப் போ" என்றாள்.

திட்டம் இதுதான்: இலவசமாகத் தூசி துடைக்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்து, ஒன்பதை மட்டுமாவது யாருக்கும் தெரியாமல் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

ஸ்டுடியோவில் பன்னிரண்டு மெஷினும் இரண்டு வரிசையாக இருந்தன. சர்ச்சுக்குப் போகிறதன்மேல் மட்டும் ஒரு பூப்போட்ட துண்டு போர்த்தியிருந்தது. சோதனைச் சீட்டு பன்னிரண்டையும் அக்கா பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கோப்பாக்கி வைத்திருந்தார்.

"என் டிகிரி சர்டிபிகேட்டைக்கூட இப்படி வச்சதில்ல" என்று சிரித்துக்கொண்டே புரட்டியவர், ஒரு பக்கத்தில் நின்றார். "ஏட்டி, ஏழு, எட்டு, ஒம்பது... பதினஞ்சாந் தேதி. அன்னைக்கு நம்ம ரெண்டு தெருவுலயும் கரண்ட் இல்லைலா? நான் வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்தேனே." கொஞ்சம் யோசித்தார். பிறகு அவரே, "ஓ! வடிவுக்காவும் ஜெனரேட்டர் வச்சிருக்காவளா?" என்றார்.

பதிலையும் அக்காவே கையில் கொடுத்துவிட்டார். 'ஆமா' என்றால் போதும். இரண்டே எழுத்து. அதைவிடப் பெரிய பொய்களை நான் பல் தேய்க்கும் முன்பே சொல்லியிருக்கிறேன். வாயைத் திறந்தேன். அக்காவின் விரல் சரியாக அம்மா கையெழுத்தின்மேல் இருந்தது. 'சண்முக' மறைந்து 'வடிவு' மட்டும் தெரிந்தது.

"இல்லக்கா."

"பின்ன?"

"கரண்டும் இல்ல. டெஸ்ட்டும் இல்ல. நான் ஆத்துக்குப் போயிட்டேன்."

ஏசியின் சத்தம் முதல்முறையாகக் கேட்டது.

"எத்தனை?"

"எட்டு. அஞ்சுல இருந்து பன்னெண்டு வரைக்கும். அம்மாவுக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. அம்மா கையெழுத்து நெசம், எண்ணு மட்டும்தான் பொய்."

"அடிப்பாவி" என்றார் அக்கா, இதுவரை நான் கேட்டிராத சின்னக் குரலில். பெரிய குரலைவிட அது மோசம். போனை எடுத்து அம்மாவுக்கு அடித்தார். "வடிவுக்கா, உங்க மவ ஒண்ணு சொல்லுதா. என்கிட்ட சொன்னது பத்தாது, உங்ககிட்ட அவளே சொல்லட்டும்." போன் என் கைக்கு வந்தது.

சொன்னேன். இந்த முறை எனக்கு ஒரு சிலேடையும் வரவில்லை. அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "அங்கனயே இரு" என்றாள்.

கால் மணி நேரத்தில் ஸ்கூட்டி சத்தம். அம்மா உள்ளே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"ஜெபக்கனி, மன்னிச்சுக்கோ. எட்டையும் இங்கனயே ஓட்டிருவோம். நாலு நாலா. மொத்தமா ஓட்டுனா உன் மெயின் தாங்காது."

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு சர்ச்சுல இருக்கணும்க்கா."

"இருப்ப."

மூன்று நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. நான்கு திரையில் நான்கு ரோம உருண்டைகள். இரண்டு மணி நேரம் ஆறு கண்ணும் திரையைவிட்டு நகரவில்லை. எட்டாம் கார்டு 84 வரை போய் நின்றது. நான் அதற்கு எழுதியது 77. நான்கும் பாஸ். கண்ணிலும் பாஸ். ஜெபக்கனி அக்கா டீ போட்டார். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. அந்த டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பிறகு ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. ஒன்பதாம் கார்டு நிஜமாகவே 72-தான் காட்டியது. எனக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. சொருகிக்கு ஜோசியம் தெரியும் போல என்று நினைத்தேன். ஒரு மணி பத்தாவது நிமிடம், உருண்டையின் இடது ஓரத்தில் ஊதாவாக ஒரு புள்ளி. இமைத்தேன், இல்லை. மறுபடி இரண்டு. பிறகு நாவல்பழத்தைக் கடித்துத் துப்பினது மாதிரி ஒரு கை நிறைய.

"எம்மா. அங்க பாரு."

"பாத்தேன். ஓடட்டும்."

ஓடியது. திரையில் பாதி ஊதாக் கறை. இரண்டு மணி நேரம் முடிந்ததும் கம்பளிப்பூச்சி நின்று, பச்சை எழுத்தில் தீர்ப்புச் சொன்னது.

அம்மா அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "ப்ரோக்ராம் என்ன சொல்லுது?"

"பாஸ்ங்குது."

"நீ என்ன சொல்லுத?"

"பெயில்ம்மா."

"கழட்டு."

கழற்றினேன். ஜெபக்கனி அக்கா அந்தக் கார்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. "நாளைக்கு சர்ச்சுல போய் இது இப்படித் துப்பியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தலையில் கை வைத்து, திடீரென்று பெரிய குரலில் சிரித்தார். பழைய குரல். "தப்பிச்சோம் வடிவுக்கா! ஆண்டவரே, தப்பிச்சோம்!"

அந்தச் சிரிப்பு என் முதுகிலிருந்து ஒரு அரிசி மூட்டையை இறக்கியது. அழுகையெல்லாம் வரவில்லை. மூக்கு மட்டும் ஒழுகியது. ஏசி.

அம்மா மாமாவுக்குப் போன் செய்தாள். "எல இசக்கி, நம்ம டெஸ்ட் மெஷின்ல இருக்க கார்டைக் கழட்டி எடுத்துட்டு வா." மூன்று வருடமாகக் கடையில் ஓடுகிற கார்டு அது. மாமா கொண்டுவந்து மாட்டினார். நான் எழுந்து கிளம்பத் தயாரானேன்.

"எங்கட்டி போற? இதுக்கும் ரெண்டு மணி நேரம்."

"இது நம்ம கார்டுதானம்மா?"

"அதனால?"

உட்கார்ந்தேன்.

ஆறரை மணிக்கு எல்லாம் முடிந்தது. ஸ்கூட்டியில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வேகத்தடை வந்தபோது மட்டும், "புடிச்சுக்கோ" என்றாள். பிடித்துக்கொண்டேன். வேகத்தடை முடிந்த பிறகும் விடவில்லை. அவள் விடு என்று சொல்லவில்லை.

மே 22, வியாழன்

ஜெபக்கனி அக்கா எனக்கு ஒரு தண்டனை கொடுத்தார். சர்ச்சுக்கு நான் வரக்கூடாது. லீதியாள் டீச்சர் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, படம் நின்றால் போன் செய்ய வேண்டும். "நின்னா அந்த முகத்தை நீதான் பாக்கணும்" என்றார்.

வீட்டில் எல்லாரும் சர்ச்சுக்குப் போய்விட்டார்கள். டீச்சரும், பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸும், நானும்தான். டீச்சருக்குப் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, முதுகுக்கு நான்கு தலையணை கொடுத்துச் சாய்த்திருந்தார்கள். வலது பக்கம் அசையாது. வாய் அசைகிறது. நன்றாகவே அசைகிறது.

"நீ யாருட்டி?"

"கார்டு டெஸ்ட் பண்ணவ டீச்சர்."

"எந்தக் கார்டு? ரேஷன் கார்டா?"

படம் வந்தது. சர்ச் வாசல், மாலை, மாப்பிள்ளை. நான் படத்தைப் பார்க்கவில்லை. படத்தின் மூலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊதா வருகிறதா என்று. பெண் நடந்து வரும்போது அவள் கையில் ஊதாப் பூங்கொத்து! எனக்கு உயிரே போய்விட்டது. பூ என்று தெரிய மூன்று விநாடி. நூறு பேரைச் சொருகுகிற நேரம்.

"முக்காட்டைச் சரியா குத்தலை பாரு" என்றார் டீச்சர் டிவியைப் பார்த்து. "இந்த பாஸ்டர் எப்பவும் இழுப்பாரு. அங்க நிக்கவங்களுக்குப் பசிக்காதா?" கொஞ்ச நேரம் கழித்து, "மாப்பிள்ளை நெட்டைதான், கொஞ்சம் குனிஞ்சா என்ன?"

தாலியை எடுத்தார்கள். டீச்சர் பேச்சை நிறுத்தினார். இடது கை மெத்தையைத் தட்டி எதையோ தேடியது. நர்ஸ் அடுப்படியில் இருந்தாள். என் கை பக்கத்தில் இருந்ததால் அதைப் பிடித்துக்கொண்டார். நல்ல பிடி.

படம் நிற்கவில்லை. புள்ளி இல்லை, கோடு இல்லை. மாப்பிள்ளை குனிந்தார், முடிச்சுப் போட்டார், மகள் நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்குத் தெரியும், அம்மா எங்கிருந்து பார்க்கிறாள் என்று.

"ஆச்சு" என்றார் டீச்சர். கண்ணோரம் வழிந்ததைத் துடைக்க அவருக்கு ஒரு கைதான் உண்டு. அது என்னிடம் இருந்தது. அதனால் நான் துடைத்துவிட்டேன்.

"நல்லா தெரிஞ்சுதா டீச்சர்?"

"பக்கத்துல நின்ன மாதிரி இருந்துச்சுட்டி. ஆமா, நீ ஏன் அழுத? உங்க வீட்டுக் கல்யாணமா?"

மதியம் பிரியாணி வந்தது. இரண்டு பொட்டலம் சாப்பிட்டேன். நான்கு நாளாக எனக்குப் பசியே இல்லாமல் இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

மே 23, வெள்ளி

அம்மா பேசிவிட்டாள். காலையில் தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டு, திரும்பாமலே.

"பன்னெண்டும் நானே மறுபடி ஓட்டியிருக்கலாம். நீ இருந்தேன்னு சொன்ன. அதனால ஓட்டலை."

அவ்வளவுதான். தோசை மட்டும் முறுகலாக வந்தது. எனக்குப் பிடித்த மாதிரி. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். தோசைக்கு என்ன பதில் சொல்வது?

கடைக்குப் போனதும் நானே டேட்டாபேஸைத் திறந்தேன். "அந்த எட்டுப் பொய்யையும் அழிச்சுருதேன்ம்மா. ஒரு நிமிசம்."

"அழிக்காத."

"பொய்யை எதுக்கு வச்சுக்கிட்டு?"

அம்மாவின் கண் மேஜையில் கிடந்த இந்த டைரியின்மேல் போனது. திறந்திருந்த பக்கத்தின் தலையில் அடித்திருந்த கிழமையை மட்டும் பார்த்தாள். கீழே படித்தாளா என்று தெரியவில்லை. "அடிச்சுட்டுப் பக்கத்துல எழுது" என்றாள்.

ஆகவே எட்டு வரிகளுக்கும் நேரே 'இது சோதனை செய்யாமல் ஏற்றியது' என்று குறிப்புப் போட்டேன். கீழே புதன்கிழமையின் நிஜ எண்களை ஏற்றினேன். சொருகியை வைத்து அல்ல, ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஒன்பதாம் கார்டு: 72 டிகிரி. ப்ரோக்ராம்: பாஸ். கண்: பெயில். அம்மா சொன்னபடி பட்டியலில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன். தலைப்பு: 'கூட இருந்தது யார்'. புதிய சீட்டுகளை ஜெபக்கனி அக்காவுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா பழையதையும் தூக்கிப் போடவில்லை. இரண்டையும் ஒரே உறையில் வைத்தார்.

"ஒம்பதாம் கார்டு எங்கட்டி?"

"அம்மா கடைச் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டிட்டாவ. என் நாற்காலிக்கு நேரே."

"மாலை போடலையா?"

"நான் கேட்டேன். அடி விழுந்துச்சு."

மெதுவாகத்தான். அதைப் பதிவு செய்ய வேண்டியது முக்கியம். மெதுவாக, தலையில், ஒரு ஆட்டு ஆட்டுகிற மாதிரி.

மே 25, ஞாயிறு

நிஷா ஆற்றுக்குக் கூப்பிட்டாள். கடை விடுமுறை, கார்டு எதுவும் இல்லை. அம்மாவிடம் கேட்டுவிட்டே போனேன். அக்கரை தொட்டேன்! முழுசாக. இதில் சொருகல் எதுவும் இல்லை. நிஷா சாட்சி.

மே 26, திங்கள்

அச்சில் ஞாயிறு. அடித்துவிட்டேன்.

கடையின் சொந்தக் கார்டு ஜெபக்கனி அக்காவிடம் போய்விட்டதால் டெஸ்ட் மெஷின் மூளியாகக் கிடந்தது. மாமா எங்கிருந்தோ இன்னொன்று கொண்டுவந்தார். கடைக்கே ஆனாலும் சட்டம் சட்டம்தான். அம்மா சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு வங்கிக்குப் போய்விட்டாள். சாவியைக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. அறிவிப்பு இல்லாத கட். ஒரு மணி ஐம்பது நிமிடம் ஓடியிருந்தது. இன்னும் பத்தே நிமிடம்! சொருகி திரைக்குள் எங்கேயோ தொண்டையைக் கனைத்த மாதிரி இருந்தது. ஒன்பதாம் கார்டு ஆணியிலிருந்து என்னையே பார்த்தது.

கரண்ட் வந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

கார்டு எண் 13. தொடக்கம் 12.20. முடிவு 2.20. உச்சச் சூடு 75. ப்ரோக்ராம்: பாஸ். கண்: பாஸ். கூட இருந்தது: ஆவுடைச்செல்வி.

ஏழெழுத்தும் முழுசாக எழுதிவிட்டுத்தான் சாப்பிடப் போனேன்.